கொல்லைக்கு ஒரு பசுந்திரை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நம் வீட்டுக் கொல்லை. அந்தக் கொல்லையைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க எந்த மரத்தை வைப்பது, எங்கே வைப்பது, எப்படி வளர்ப்பது என்பதுதான் பேச்சு. சிறிய பொருள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் கொல்லையில் நிற்கிறார்கள்? துவைப்பது அங்கே. பாத்திரம் விளக்குவது அங்கே. வற்றல் காயப்போடுவது அங்கே. தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்துவதும் அங்கேதான். வாசலில் வீடு ஊருக்குச் சொந்தம். கொல்லையில்தான் அது வீட்டாருக்குச் சொந்தம். அந்த இடத்தில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால், நின்று செய்யும் வேலையில் நிம்மதி இருக்குமா?

பழைய நாளில் இந்தக் கவலை குறைவு. காவிரிக்கரை ஊர்களில் வீடு ஒரு தெருவில் தொடங்கும்; கொல்லை நீண்டு போய் அடுத்த தெருவையோ வாய்க்காலையோ தொடும். கிணறு, துவைகல், தொழுவம், வாழைக்கூட்டம், கடைசியில் இரண்டு தென்னை. மறைப்பு என்று தனியாக ஒன்றை யாரும் தேடவில்லை. தூரமே மறைப்பாக இருந்தது. இன்று நிலைமை என்ன? அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. அதில் வீடு போக மிஞ்சுவது பத்தடி, பதினைந்தடி. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்புகிறது. நம் மதில் ஐந்தடி. மேலே பால்கனியில் நிற்பவர் கண்ணுக்கு அந்த ஐந்தடி மதில் ஒரு தடையா?

உடனே என்ன செய்கிறோம்? பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டுகிறோம். வெயிலில் அது நைந்து, நார் நாராகக் கிழிந்து தொங்குகிறது. இல்லையென்றால் மதில்மேல் தகரம் அடிக்கிறோம். சித்திரை வெயிலில் தகரத்தின் அருகே நின்று துணி துவைத்துப் பாருங்கள், அந்த அனலை உடம்பே சொல்லும். காற்றும் நின்றுபோகும். இவற்றைவிட மரமும் செடியும் மேல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வந்திருப்பதே அதை ஒப்புக்கொண்டுதான். ஆனால் மரம் வைக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் எங்கே போகிறார்கள்? நாற்றுப்பண்ணைக்குப் போகிறார்கள். போய், 'சீக்கிரம் வளர்ற மரமா பத்து குடுங்க' என்று கேட்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முதலில் பார்வையைத் தேடுங்கள். பிறகு மரத்தைத் தேடுங்கள்.

பார்வையைத் தேடுவது என்றால் என்ன? உங்கள் துவைகல்லின் அருகே நில்லுங்கள். நின்று சுற்றிலும் பாருங்கள். எந்த ஜன்னல் தெரிகிறது? எந்தப் பால்கனி தெரிகிறது? எந்த மொட்டைமாடிப் படிக்கட்டு தெரிகிறது? உங்களுக்கு எது தெரிகிறதோ, அங்கிருந்துதான் உங்களையும் பார்க்க முடியும். பெரும்பாலான வீடுகளில் அப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்றுக்காகவும் இரண்டுக்காகவும் மனையின் நான்கு பக்கமும் மரத்தை வரிசையாக நட்டு, வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துக்கொள்ள வேண்டுமா?

இதைச் சற்றுப் பெரிய கொல்லையை வைத்து ஒரு கணக்காகவே பார்ப்போம். துவைகல்லின் அருகே நிற்கும் பெண்ணின் தலை ஐந்தடி உயரம் என்று வையுங்கள். எதிர்வீட்டு முதல் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து பதினேழடி. இருவருக்கும் இடையே முப்பதடி தூரம். நடுவே நம் மதில். அது துவைகல்லிலிருந்து இருபத்தைந்தடி தள்ளி இருக்கிறது. மதிலை ஒட்டி மரம் வைத்தால் அது எவ்வளவு உயரம் வளர்ந்தால் மறைக்கும்? பதினைந்தடி வளர வேண்டும். அதே மரத்தைத் துவைகல்லுக்கு ஐந்தடி பக்கத்தில் வைத்தால்? ஏழடி போதும்! பார்வைக் கோடு மேலிருந்து கீழே சரிந்து வருகிறது. நமக்கு அருகே வர வர அது தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் குறுக்கே நிற்கச் சின்னச் செடி போதும்.

பதினைந்தடி மரத்துக்கும் ஏழடிச் செடிக்கும் எவ்வளவு வேறுபாடு! ஏழடியை நந்தியாவட்டை இரண்டு மூன்று வருடத்தில் எட்டிவிடும். வேர் சுவரைத் தொடாது. புயலில் வீட்டின்மேல் சாயாது. நின்றபடியே வெட்டிவிடலாம், ஏணி வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம். எல்லையோரமாக நட வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, மறைக்க வேண்டிய இடத்தின் அருகே நட்டால் பாதிச் செலவும் பாதிக் கவலையும் அன்றே தீர்ந்துபோகும். கணக்குப் போட வராதே என்று தயங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வீட்டில் தொரட்டிக் கம்பு இருக்கும். ஒருவர் நடப்போகும் இடத்தில் அதை நிமிர்த்திப் பிடிக்கட்டும். நீங்கள் துவைகல்லில் நின்று, கம்பின் நுனி அந்த ஜன்னலின் மேல்விளிம்பைத் தொடுவதுபோல் தெரியும்வரை உயர்த்தச் சொல்லுங்கள். நுனி தரையிலிருந்து எத்தனை அடியோ, அத்தனை அடிச் செடிதான் உங்களுக்குத் தேவை.

சரி, இடம் தெரிந்தது, உயரம் தெரிந்தது. இனி மரம். மரத்துக்குப் போகும் முன்னால் நம் முன்னோர் போட்ட வேலிகளைப் பார்த்துவிட்டு வருவோம். கொங்கு நாட்டில், காங்கேயம், தாராபுரம் பக்கம், கொறங்காடு என்று மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். முள்ளோடு பின்னிக்கொண்டு காங்கேயம் காளையையே நிறுத்திவைக்கும். தலைமுறை கடந்து நிற்கிற வேலி அது. ஆனால் வெயில் காலத்தில் கிளுவையைப் போய்ப் பாருங்கள். இலை கிடையாது. வெறும் குச்சி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் முழுவதும் தெரியும். ஏன்? வேலியின் வேலை காலைத் தடுப்பது. நமக்கு வேண்டியது கண்ணைத் தடுப்பது. வேலி வேறு, திரை வேறு.

இந்த இரண்டையும் ஒன்றாக்கியவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். கிளுவை, பூவரசு, முள்முருங்கை ஆகியவற்றின் தண்டை வெட்டி வரிசையாக ஊன்றுவார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் கதியால். துளிர்த்து நிற்கும் கதியாலில் கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டுவார்கள். மரம் வேலியாகும்; ஓலை திரையாகும். ஓலை இற்றதும் மாற்றுவார்கள். மரத்தின் தழை ஆட்டுக்கும் உரத்துக்கும் ஆகும். ஆண்டுதோறும் வேலி அடைக்கும் வேலையை அந்த மக்கள் எவ்வளவு அக்கறையாகச் செய்தார்கள் என்பதை அங்கே பிறந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

நமக்கு ஓலை கட்ட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே இலை உதிர்க்காத செடி வேண்டும். இதுதான் முதல் தகுதி. கொன்றை அழகுதான், புங்கை நிழல்தான், வாதநாராயணன் மருந்துதான். ஆனால் ஒவ்வொன்றும் ஆண்டில் சில வாரம் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். அவற்றை நிழலுக்கு வையுங்கள், திரைக்கு வைக்காதீர்கள்.

திரைக்கு எது? நான் முதலில் சொல்வது நொச்சி. மதில் காக்கும் வீரர்கள் நொச்சிப் பூவைச் சூடினார்கள் என்பது நம் புறப்பொருள் இலக்கண மரபு. அந்தச் செடியை இன்று வாய்க்கால் ஓரத்தில் விட்டுவிட்டோம். போத்தை வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. பத்தடிக்கு மேலும் போகும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும். இலை ஆவி பிடிக்க ஆகும், கொசுவுக்குப் புகை போட ஆகும். நொச்சியோடு ஆடாதோடையைச் சேர்த்து வைத்தால், மேலே நொச்சியும் கீழே ஆடாதோடையும் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்ளும். அதற்கு அடுத்தபடி நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி. மருதாணி வறட்சிக்கு அஞ்சாது. பூக்கும் காலத்தில் கொல்லையே மணக்கும். இவை ஆறிலிருந்து பத்தடி வரைக்கும் போதுமானவை. நாற்றுப்பண்ணையில் காமினி என்று ஒன்று விற்பார்கள். வெள்ளைப் பூ, நல்ல அடர்த்தி. ஆனால் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் அதை வைக்க வேண்டாம். எலுமிச்சையைக் கெடுக்கும் ஒருவகைச் சாறுறிஞ்சிப் பூச்சி காமினியிலும் விரும்பிக் குடியேறும்.

பதினைந்து, இருபது அடி கட்டாயம் வேண்டும் என்கிற வீடுகளும் உண்டு. மாடி ஜன்னலுக்கும் மாடி ஜன்னலுக்கும் நடுவே மறைப்பு வேண்டும் என்றால் செடியால் ஆகாது. அங்கே நெட்டிலிங்கம். கிளை கீழ்நோக்கித் தொங்கும் வகை கம்பம்போல நேராக எழும்பும், மூன்று நான்கு அடி அகலமே பிடிக்கும். பலர் இதை அசோக மரம் என்றே கேட்டு வாங்குகிறார்கள். செந்நிறப் பூங்கொத்து பூக்கும் உண்மையான அசோகம் வேறு, பரந்து வளரும், அது குறுகிய இடத்துக்கு ஆகாது. வாங்கும்போது இலையைப் பார்த்து வாங்குங்கள். நெட்டிலிங்கத்தின் நுனியை வெட்டாதீர்கள். வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து பல தலை கிளம்பி வடிவமே கெட்டுவிடும். இதன் பழத்துக்கு இரவில் வௌவால் வரும். கொட்டைகளை முற்றத்தில் போட்டுவிட்டுப் போகும். பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் மகிழத்தை வைக்கலாம். மெல்ல வளரும். ஆனால் ஆண்டு முழுவதும் கரும்பச்சை, பூவில் தீராத மணம். கடற்கரை ஊர்க்காரர்கள் புன்னையை மறக்கவே கூடாது. உப்புக்காற்றையும் மணலையும் தாங்குவதில் அதற்கு இணை குறைவு.

இடம் அகலமாக இருந்தால் கொடுக்காப்புளி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். பிலிப்பைன்ஸ் வழியாக நம் பக்கம் வந்து, நம் ஊர்ப் பிள்ளைகளின் பழமாகவே ஆகிவிட்டது. முள் உண்டு, வெட்டினால் அடரும், கிளிக்கும் மைனாவுக்கும் பழம் உண்டு.

எதை வைக்கக் கூடாது? இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். அரளியும் தங்க அரளியும் அடர்ந்து வளரும், பூ நிறையப் பூக்கும். ஆனால் வேர், தண்டு, இலை, விதை எல்லாமே நஞ்சு. தவழும் குழந்தையும் கன்றுக்குட்டியும் இருக்கிற கொல்லையில் அவை வேண்டவே வேண்டாம். ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த அலங்காரச் செடிகளைத் தொட்டியில் பார்த்து மயங்காதீர்கள். தரையில் இறக்கினால் அவற்றின் வேர் மதிலையும் கழிவுநீர்த் தொட்டியையும் தேடிப் போகும். முருங்கை உணவுக்கு உயர்ந்தது, திரைக்கு ஆகாது. கிளை முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும்.

இன்னொன்று கோனோகார்ப்பஸ். செங்கடலின் தென்கரைப் பகுதியைச் சேர்ந்தது. எந்த மண்ணிலும் வளரும், வாரத்துக்கு வாரம் உயரும், சுவர்போல அடரும். 'சீக்கிரம் வளர்ற மரம்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுத்தார்கள். பிறகு என்ன ஆனது? நிலத்தடிக் குழாய்களில் வேர் புகுந்தது. மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருகிறது என்ற புகார் எழுந்தது. குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது; தமிழ்நாடும் 2025-இல் தடை செய்தது. வேகம் ஒன்றையே பார்த்து மரம் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். விறகுக்கும் வேலிக்கும் நல்லது என்று வரவேற்ற சீமைக்கருவேலத்தை இன்று கண்மாய்தோறும் இயந்திரம் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பாடம் போதாதா?

அப்படியானால் அதுவரை என்ன செய்வது, மரம் வளரும்வரை காத்திருப்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காத்திருக்க வேண்டாம். அகத்தியை நடுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏற அகத்தியைத்தானே வைக்கிறார்கள்? ஓராண்டுக்குள் தலைக்கு மேல் போய்விடும், கீரையும் கிடைக்கும். துவைக்கிற தண்ணீர் போகும் பக்கமாக வாழையை வையுங்கள். நான்கைந்து மாதத்தில் அகல இலை மறைப்பாக நிற்கும். அகத்தியும் வாழையும் முன்னால் நின்று மறைக்கட்டும். அவற்றின் பின்னால் மகிழமும் நொச்சியும் நிதானமாக வளரட்டும். இரண்டு மூன்று வருடம் கழித்து அகத்தியை எடுத்துவிடலாம்.

இங்கே ஒன்று கவனித்தீர்களா? ஒரே மரத்தை நான் எங்கும் சொல்லவில்லை. கலந்து நடும் வழியையே சொல்லி வருகிறேன். காரணம் இருக்கிறது. கேரளத்திலும் நம் மலையடிவாரங்களிலும் மிளகுக்கொடி ஏறவும் வேலிக்கும் கல்யாண முருங்கையை வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். 2005-ஐ ஒட்டி ஒரு சின்னஞ்சிறு குளவி வந்தது. இலையிலும் இளந்தண்டிலும் முட்டையிட்டு, முடிச்சு முடிச்சாக வீங்கவைத்து, மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. ஒரே இனம் வரிசையாக நின்றதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடையே இல்லாமல் பரவியது. நான்கு வகை கலந்து நின்றிருந்தால் ஒன்று போனாலும் மூன்று நின்றிருக்கும் அல்லவா? கலந்து நட்ட திரையில் வேறு விருந்தாளிகளும் வருவார்கள். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அடியில் சருகைக் கிளறும்.

இனி நடுவது. கீழைக் கடலோர மாவட்டங்களில் நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நட்டுவிட்டால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். குமரி, தென்காசி, கோவையின் மேற்குப் பகுதிகளில் ஆனி, ஆடியிலேயே தொடங்கலாம். பெருமழையில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். புதுவீட்டுக் கொல்லையில் தோண்டிப் பாருங்கள்: செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஓட்டுச் சில்லு. கட்டடக் குப்பையை எல்லாம் அங்கேதான் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் பொறுக்கி வெளியே போட்ட பிறகே நட வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, மக்கிய தொழு உரமும் கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து திரும்ப இடுங்கள். பாலித்தீன் பையோடு நடுகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்! பையை முழுவதும் கிழித்து எடுங்கள். வேர் பைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றை வெட்டி விடுங்கள்; விட்டுவிட்டால் பிற்காலத்தில் அதுவே மரத்தின் கழுத்தை நெரிக்கும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், ஆழமாகப் புதைக்காதீர்கள். ஆளுயரக் கன்றாக வாங்கினால் சீக்கிரம் மறைக்கும் என்ற ஆசை வேண்டாம். இரண்டு மூன்று அடிக் கன்று வேரோடிப் பிடித்து, இரண்டே வருடத்தில் அந்த ஆளுயரக் கன்றைத் தாண்டிவிடும்.

இடைவெளி? மருதாணி, ஆடாதோடைக்கு இரண்டடி. நந்தியாவட்டை, செம்பருத்திக்கு மூன்றடி. நெட்டிலிங்கத்துக்கு ஐந்தடி. ஒரே கோடாக நடாமல் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி நட்டால் இடைவெளி நன்றாக மூடும். மதிலிலிருந்து குறைந்தது மூன்றடி உள்ளே தள்ளுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள்.

தண்ணீரைத் தினமும் ஒரு குவளை தெளிப்பதால் பயனில்லை. வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் இரண்டு முறை, பாத்தி நிறைய விடுங்கள். வேர் ஆழத்தைத் தேடிப் போகும். அடியில் சருகைப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் பரப்புங்கள். புதர்ச்செடி ஒன்றரை அடி வந்ததுமே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளர்வதைக் கிள்ளுவதா என்று மனம் தயங்கும். ஆனால் கிள்ளாத செடி மேலே போகும், அடியில் மொட்டையாக நிற்கும். வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டுங்கள். மேலே அகன்றுவிட்டால் அடி இலைக்கு வெயில் கிடைக்காமல் உதிர்ந்துவிடும். பாம்பு வருமே என்று தாய்மார்கள் அஞ்சுவார்கள், அது பொருளற்ற அச்சம் இல்லை. செடி நன்றாக வளர்ந்த பின் அடியில் ஓரடி உயரத்துக்குக் கிளையை நீக்கித் தரையை வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் உயரத்தில் இலை இருந்தால் போதுமே, தரையோடு எதற்கு?

உயர மரம் வைத்தவர்களுக்கு ஒரு வேலை தவறக் கூடாது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒவ்வோர் ஆண்டும் பெருமழைக்கு முன், ஆவணியிலேயே, மரத்தின் உட்கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். காற்று இடையில் புகுந்து போக வழி இருந்தால் மரம் நிற்கும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டாரைப் பற்றி. திரை போடுவதைப் பகை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்து வேலியைச் சொன்னேன் அல்லவா, அந்த அடர்ந்த வேலியில் பொட்டு என்று ஒரு சிறு இடைவெளி வைத்திருப்பார்கள். இந்த வீட்டுப் பெண்கள் அந்த வீட்டுக்குப் போய்வர அதுதான் வழி. மறைப்பும் இருந்தது, உறவும் இருந்தது. நாமும் குழி தோண்டும் முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போய், 'அக்கா, இங்க ரெண்டு செடி வைக்கப்போறோம், உங்க பக்கம் கிளை வராம பாத்துக்கறோம்' என்று ஒரு வார்த்தை சொல்வோம். அவர்கள் சமையலறை வெளிச்சத்தை நம் மரம் அடைக்குமா என்று கேட்போம். சொன்ன வார்த்தைப்படி ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பக்கக் கிளையை நாமே வெட்டிக் கொடுப்போம். வழக்குக்கும் வாய்ச்சண்டைக்கும் போன எத்தனையோ மரங்கள் இந்த ஒரு வார்த்தையால் தப்பியிருக்கும்.

 புரட்டாசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொரட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு உங்கள் கொல்லைக்குப் போங்கள். வீட்டுப் பெண்களை நிற்கச் சொல்லி, எந்தப் பார்வை அவர்களுக்கு இடைஞ்சல் என்று கேளுங்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில் குழி தோண்டுங்கள். நொச்சிப் போத்து எந்த வாய்க்கால் கரையிலும் கிடைக்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை. முதல் மழையில் ஊன்றிவிடுங்கள்.